ஏழு இரவு, ஒரு ஏரி

சுவிட்சர்லாந்து என்றாலே காலண்டர் படம்தான். முன்னால் பச்சைப் புல்வெளி, பின்னால் பனிமலை, நடுவில் நீல ஏரி. அந்தப் படங்களில் பெரும்பாலும் குழந்தைகள் இருப்பதில்லை. அப்படியே இருந்தாலும் "கால் வலிக்குது, தூக்கு" என்று நடுவழியில் உட்கார்ந்திருப்பதில்லை. காலண்டரைப் பார்த்துத் திட்டம் போடுகிற பெற்றோர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் பெரியவர்களின் காலை வைத்துத் தயாராகிறது. நடக்கப்போவதோ நாலு வயதுக் கால்!

ஆல்ப்ஸ் மலை ஏரி ஒன்றுக்குக் குழந்தைகளோடு போகத் திட்டமிடுவது, பார்க்கப்போனால், ஒரு பட்ஜெட் போடும் வேலை. ஆனால் இந்த பட்ஜெட்டில் முதலில் தீர்ந்துபோவது பணம் இல்லை, குழந்தையின் தெம்பு. அதற்கடுத்தது வானிலை. இந்த இரண்டும் எந்த நாளில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. அப்படியிருக்க, ஆறு மாதம் முன்பே நாள்வாரியாக எல்லாவற்றையும் பூட்டிவைப்பது நல்ல பட்ஜெட்டா என்பதுதான் கேள்வி.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம்

கணக்குப் புத்தகத்தில் வரும் 'திரு. அ' மாதிரி ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் வசிக்கிறார்கள். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. அங்கே பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை மட்டுமே ஆறு வாரம். வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி கிடைக்கும் குறைந்தபட்ச விடுப்போ ஆண்டுக்கு நாலு வாரம்தான். அதனால் பல வீடுகளில் அப்பா ஒரு வாரம், அம்மா ஒரு வாரம் என்று முறைவைத்து விடுப்பு எடுத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். நாலு பேரும் சேர்ந்து இருக்கும் வாரம் என்பது ஆண்டில் ஒன்றோ இரண்டோதான். அந்த ஒரு வாரத்தைத்தான் இப்போது செலவு செய்யப்போகிறார்கள். அதைச் சண்டையிலும் அழுகையிலும் கரைத்துவிட்டால் அடுத்த ஆண்டுதான் மறுபடியும் கிடைக்கும்.

இடம்: லூசர்ன் ஏரி. ஜெர்மன் மொழியில் இதற்கு 'நான்கு வன மாநிலங்களின் ஏரி' என்று பொருள்படும் நீளமான பெயர். பரப்பு சுமார் 114 சதுர கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 214 மீட்டர், கடல் மட்டத்திலிருந்து 434 மீட்டர் உயரம். பல கைகளாகப் பிரிந்து மலைகளுக்குள் வளைந்து போகிற ஏரி. ஒரு மூலையில் லூசர்ன் நகரம். தெற்கே திரும்பும் இடத்தில் புருன்னன் என்ற சின்ன ஊர். பாசலில் இருந்து புருன்னனுக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். குழந்தைகளுக்கு இது தாங்கும்.

நிலைச்செலவும் மாறும் செலவும்

முதல் முடிவு: ஒரே ஊரில் ஏழு இரவும் தங்குவது. மூன்று நாள் லூசர்ன், இரண்டு நாள் இன்டர்லாக்கன், இரண்டு நாள் செர்மாட் என்று போனால் மூன்று முறை பெட்டி கட்டி, மூன்று முறை பிரிக்க வேண்டும். நாலு வயதுப் பையனுக்குப் புது இடத்தில் முதல் இரவு தூக்கம் வராது என்று வைத்துக்கொண்டால், மூன்று ஊர் என்பது மூன்று தூங்காத இரவு. எந்த ரசீதிலும் இது வராது!

இரண்டாவது: ஹோட்டலா, விடுமுறை வீடா? சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் அங்கே நிறைய. கோடையில் பெரும்பாலும் சனிக்கிழமையில் இருந்து சனிக்கிழமை வரை என்று வாரக்கணக்கில்தான் கொடுப்பார்கள். விளம்பரத்தில் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். அதோடு கடைசி நாள் சுத்தம் செய்வதற்கு ஒரு தொகை, சில இடங்களில் போர்வை, துண்டுக்கு ஒரு தொகை, தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி. சுத்தம் செய்யும் தொகை ஒரு இரவு தங்கினாலும் அதேதான், ஏழு இரவு தங்கினாலும் அதேதான். நிலைச்செலவை அதிக நாட்களுக்குப் பங்கிட்டால் ஒரு நாளுக்கான செலவு குறையும் என்று வகுப்பில் படிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வீடு எடுத்தால் சாப்பாட்டுச் செலவு பாதிக்கு மேல் மிச்சம். சுவிட்சர்லாந்தில் நாலு பேர் ஒரு வேளை ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பில்லைப் பார்த்தால் பசி மறுபடியும் வந்துவிடும் :) ஆனால் இந்த மிச்சத்துக்குள் ஒரு மறைமுகச் செலவு ஒளிந்திருக்கிறது. சமைப்பது யார்? வீட்டில் சமைத்த அதே ஆள் ஏரிக்கரையிலும் மூன்று வேளை அடுப்படியில் நின்றால், மூன்று பேருக்குத்தான் விடுமுறை, நாலாவது ஆளுக்கு வேலை செய்யும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே வீட்டை முன்பதிவு செய்யும் அன்றே இதையும் எழுதி வைத்துவிடுவது நல்லது: இத்தனை வேளை அப்பா, இத்தனை வேளை அம்மா, மதியம் யாரும் சமைக்க வேண்டாம், ரொட்டியும் சீஸும் தக்காளியும் பழமும் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகள் போலச் சில மட்டுமே விதிவிலக்கு. சனிக்கிழமையும் சீக்கிரமே மூடிவிடுவார்கள். சனிக்கிழமை மாலை வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு ஏரியை ரசித்துவிட்டு நாளைக்குப் பால் வாங்கலாம் என்று நினைத்தால், நாளைக்குப் பால் கிடையாது. இறங்கியதும் முதல் வேலை கடை, ஏரி ஓடிவிடாது.

காசு கட்டியாச்சே!

அடுத்தது போக்குவரத்து. குழந்தைகள் விஷயத்தில் சுவிஸ் ரயில்கள் தாராளம். ஆறு வயதுக்குள் இருந்தால் பெரியவர்களோடு இலவசம். ஆறிலிருந்து பதினாறுக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகையில் ஜூனியர் கார்டு. அது இருந்தால் அப்பா அல்லது அம்மாவோடு போகும்போது டிக்கெட் வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் பெரியவர்களுக்கு சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால், இதே வயதுக் குழந்தைகளுக்கு ஃபேமிலி கார்டு இலவசமாகக் கிடைக்கும்.

ஆசை காட்டுவது இந்த மாதிரிப் பாஸ்கள்தான். லூசர்ன் பகுதிக்கென்றே டெல் பாஸ் என்று ஒன்று உண்டு. தொடர்ச்சியாக 2, 3, 4, 5 அல்லது 10 நாட்கள். படகு, ரயில், ரிகி மலை, பிலாட்டஸ் மலை, டிட்லிஸ் மலை எல்லாம் இதில் அடக்கம். மூன்று மலையையும் தனித்தனி டிக்கெட்டில் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் பாஸ் கொள்ளை லாபம். கணக்கு சரியானதுதான். மூன்று மலையும் ஏறினால்!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐந்து நாள் பாஸ் வாங்கியாகிவிட்டது. முதல் நாள் பிலாட்டஸ், இரண்டாம் நாள் ரிகி. மூன்றாம் நாள் காலை மழை, பையனுக்கு லேசாகச் சளி. பெண்ணுக்கு நேற்று ஏரிக்கரையில் கிடைத்த புதுத் தோழியோடு கல் பொறுக்க வேண்டும். அப்போது பெரியவர்கள் வாயில் இருந்து வரும் வசனம் ஒன்றுதான்: "காசு கட்டியாச்சே!" வணிகவியலில் இதற்கு மூழ்கிய செலவு என்று பெயர். போன பணம் போனதுதான். இன்று டிட்லிஸ் போனாலும் திரும்பாது, வீட்டில் இருந்தாலும் திரும்பாது. இன்றைய முடிவில் அதற்கு வேலையே இல்லை என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதலாம். ஆனால் கழுத்தில் பாஸ் தொங்கும்போது அப்படி யோசிப்பவர்கள் குறைவு. சளியோடு பையனைத் தூக்கிக்கொண்டு 3,000 மீட்டர் உயரத்துக்குப் போய், மேகத்தைத் தவிர எதுவும் தெரியாமல் இறங்கி வருவார்கள். கேபிள் காரில் சட்டென்று உயரம் ஏறும்போது பெரியவர்களுக்கே காது அடைக்கும். மூக்கடைத்த குழந்தைக்கு அது காது வலி.

இதற்கு மாற்று உண்டு. பாசல் குடும்பம் மாதிரி அந்த நாட்டில் வசிப்பவர்கள் பலரிடமும் அரைக்கட்டண அட்டை இருக்கும். வெளிநாட்டவருக்கும் ஒரு மாதம் செல்லுபடியாகும் அட்டை கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு, போகிற அன்று காலையில் டிக்கெட் வாங்குவது. மலை உச்சியில் வெயில் அடிக்கிறதா என்று வெப்கேமில் பார்த்துவிட்டு, பையனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கொடுப்பது. மூன்று மலை போனால் இதில் கூடுதலாகத்தான் செலவாகும். ஒரு மலை மட்டும் போனால் குறைவு. அந்தக் கூடுதல் பணம் வீண் செலவு இல்லை. "இன்று வேண்டாம்" என்று சொல்லும் உரிமைக்குக் கொடுத்த விலை. குழந்தைகளோடு போகிறவர்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான்.

ஒரு மலை போதும்

எந்த மலை? ரிகியைச் சொல்லலாம். உயரம் 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் 1871-இல் வித்ஸ்னாவ் ஊரில் இருந்து இந்த மலைக்குத்தான் ஓடியது. நான்கு ஆண்டு கழித்து மறுபக்கம் கோல்டாவ் ஊரில் இருந்து இன்னொரு பாதை வந்தது. புருன்னனில் தங்கியிருப்பவர்கள் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் வித்ஸ்னாவில் இறங்கி, படகில் வீட்டுக்கு வந்துவிடலாம். போன வழியே திரும்பினால் "இதைத்தான் பார்த்தாச்சே" என்பார்கள் பிள்ளைகள். மேலே கால்ட்பாட் என்ற இடத்தில் இருந்து, கைவிடப்பட்ட ஒரு பழைய ரயில் பாதை மேலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். ரயில் போன பாதை என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு, தள்ளுவண்டியே போகும்.

ரிகியில் சூரிய உதயம் பார்ப்பது பிரபலம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880-இல் வெளியிட்ட பயண நூலில், சில மணி நேரத்தில் ஏறக்கூடிய இந்த மலையில் தானும் நண்பரும் மூன்று நாள் ஏறியதாக எழுதியிருக்கிறார். கடைசியில் உதயம் பார்க்க அவசரமாக எழுந்து ஓடினால், பகல் முழுக்கத் தூங்கிவிட்டதால் அவர்கள் பார்த்தது அஸ்தமனமாம்! கூடக் குழந்தை குட்டி இல்லாத இரண்டு பெரிய மனிதர்களின் கதி இது. அதனால் உதயம், உச்சியில் ஹோட்டல், நாலு மணி அலாரம் எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து அடித்துவிடலாம்.

பிள்ளைகள் கணக்கு வேறு

பெரியவர்கள் காட்சிக்குக் காசு கொடுப்பார்கள். குழந்தைகளுக்குக் காட்சி பிடிபடாது. அசைவதும் தொடக்கூடியதும்தான் பிடிக்கும். இந்த ஏரியில் இன்னமும் ஐந்து நீராவிக் கப்பல்கள் துடுப்புச் சக்கரத்தோடு ஓடுகின்றன. மூத்தது 'ஊரி', 1901-இல் வந்தது. இளையது 'ஷ்டாட் லூசர்ன்', 1928. நடுத்தளத்தில் இருந்து எட்டிப் பார்த்தால் இயந்திரத்தின் பித்தளையும் எஃகுத் தண்டுகளும் கண்ணெதிரே ஏறி இறங்கும். அப்பா மலையைப் போட்டோ எடுக்கட்டும். பையன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். லூசர்னில் இருந்து தென்கோடியில் இருக்கும் ஃப்ளூயலன் வரை முழுதாகப் போனால் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அது பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நிறுத்தம் போதும்.

அப்படிப் போக ஏற்ற இடம், புருன்னனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ரூட்லி புல்வெளி. 1291-இல் மூன்று மாநிலத்தார் இங்கே கூடிச் சத்தியம் செய்துதான் சுவிட்சர்லாந்து பிறந்தது என்பது அந்நாட்டின் மரபுக்கதை. எட்டு வயதுப் பெண்ணுக்கு இதைவிடச் சுவையான பின்கதை ஒன்று உண்டு. 1859-இல் இந்தப் புல்வெளியில் ஹோட்டல் கட்ட ஏற்பாடு நடந்தது. அதைத் தடுக்க ஒரு பொதுநலச் சங்கம் இடத்தையே விலைக்கு வாங்க முடிவு செய்து, நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் காசு திரட்டியது. வாங்கிய இடத்தை 1860-இல் நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். ஹோட்டல் வரவில்லை. சில்லறைக் காசு ஜெயித்த இடம்!

இங்கிருந்து தொடங்கி ஏரியின் தெற்குக் கையைச் சுற்றிப் புருன்னன் வரை 'சுவிஸ் பாதை' என்று 35 கிலோமீட்டர் நடைபாதை. 1991-இல், நாட்டின் 700-ஆவது ஆண்டுக்காகத் திறந்தார்கள். மக்கள்தொகையில் ஆளுக்கு 5 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு துண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். 35 கிலோமீட்டரை 5 மில்லிமீட்டரால் வகுத்தால் 70 லட்சம். அன்றைய மக்கள்தொகைக்கு நெருக்கம். அப்பா அம்மா இருவரும் அப்போதே பிறந்திருந்தால் குடும்பத்தின் பங்கு ஒரு சென்டிமீட்டர். "அப்ப எங்களுக்கு இல்லையா?" என்று பெண் கேட்பாள். பதில் சொல்லிக்கொண்டே அரை கிலோமீட்டர் நடத்திவிடலாம். முழுப் பாதையும் நடப்பது குழந்தைகளுக்கானது அல்ல. சிசிகோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் கரையோரம் டெல் தேவாலயம் இருக்கிறது. மகன் தலையில் ஆப்பிளை வைத்து அம்பு விட்ட வில்லியம் டெல், கைதியாகப் போன படகில் இருந்து தாவித் தப்பித்ததாகச் சொல்லப்படும் இடம். அருகிலேயே 37 மணிகள் கொண்ட இசைமணி மேடை, சாக்லேட் தயாரிப்பாளர்கள் சங்கம் கொடுத்தது. வில், அம்பு, படகு, சாக்லேட்! இதற்கு மேல் என்ன வேண்டும்?

கோல்டாவ் விலங்குப் பூங்காவையும் மறக்கக் கூடாது. 1806-இல் மலை சரிந்து 457 பேர் இறந்த அதே பாறைக் குவியலின் மேல், பின்னாளில் காடு வளர்ந்து, 1925-இல் உருவான பூங்கா. மான்கள் வேலி இல்லாமல் திரிந்து, கையில் இருந்தே தீனி வாங்கித் தின்னும். பிலாட்டஸை மறந்தாலும் மான் நாக்கின் சொரசொரப்பை நாலு வயதுப் பையன் மறக்க மாட்டான்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது

இவ்வளவு நேரம் சொன்னதில் எதை மாற்றினாலும் மோசமில்லை. இதை மாற்றக் கூடாது. ஏரி அழகாக இருக்கிறது என்பதால் அது நீச்சல் குளம் ஆகிவிடாது. ஜூலை, ஆகஸ்டில் மேல்மட்டத் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். மழைக்குப் பிறகு இன்னும் குளிரும். கரையில் இருந்து நாலு எட்டில் ஆழமாகும் இடங்கள் உண்டு. சின்னக் குழந்தை தண்ணீருக்குள் சத்தம் போடாமலேயே மூழ்கிவிடும். அதனால்தான் அங்கே உயிர்காப்புச் சங்கத்தின் முதல் விதியே, சிறு குழந்தைகள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது. காற்றடைத்த மெத்தையும் வாத்து மிதவையும் விளையாட்டுச் சாமான்; உயிர்காக்கும் கருவி அல்ல. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். "நீ பார்ப்பேன்னு நினைச்சேன்" என்ற வசனம் எல்லாக் குடும்பத்திலும் உண்டு.

கரையோர ஊர்களில் 'பாடி' என்று அழைக்கப்படும் குளியல் துறைகள் இருக்கின்றன. பலவற்றில் சிறு கட்டணம் உண்டு. புல்தரை, ஆழமில்லாத குட்டைகள், உடை மாற்றும் அறை எல்லாம் இருக்கும். அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்த ஆளில்லாத கரையைத் தேட வேண்டாம்.

இன்னொன்று, ஆரஞ்சு விளக்கு. ஏரியைச் சுற்றிப் புயல் எச்சரிக்கை விளக்குகள் வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும் என்று அர்த்தம். 90 முறை மின்னினால் புயல் எச்சரிக்கை, உடனே கரைக்கு வர வேண்டும். ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கில் இருந்து இறங்கும் 'ஃபோன்' என்ற வெப்பக்காற்று புருன்னன் பக்கத்தில் வெகு சீக்கிரம் அலைகளை எழுப்பிவிடும். எட்டு வயதுப் பெண்ணிடம் விளக்கைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், கடிகாரத்தை வைத்து எண்ணிச் சொல்வாள். ஆம்புலன்ஸ் 144, போலீஸ் 117: இந்த எண்களும் திட்டத்தாளின் மேல் ஓரத்தில் இருக்கட்டும்.

மழை நாள்

வடக்கு ஆல்ப்ஸில் அதிக மழை பெய்வதே கோடை மாதங்களில்தான். எனவே மழை நாளைத் திட்டத்துக்கு உள்ளேயே வைத்துவிடுவது புத்திசாலித்தனம். லூசர்னில் 1959-இல் திறந்த போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. ரயில் எஞ்சின், விமானம், கப்பல் என்று ஒரு நாள் போதாது. கூட்டம் அதிகமென்றால் பனிப்பாறைத் தோட்டம். அங்கே 1896-இல் ஜெனீவா கண்காட்சிக்காகச் செய்த கண்ணாடி மாளிகை ஒன்று இருக்கிறது, வழி தெரியாமல் பெரியவர்களும் முட்டிக்கொள்வார்கள்.

போக முடியாதவர்கள்

இத்தனை கணக்கும் கையில் காசு இருப்பவர்களுக்குத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்திலேயே எல்லாக் குடும்பமும் ஏரிக்கரைக்குப் போய்விட முடிவதில்லை. இதற்காக 1939-இல் 'ரேகா' என்ற கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொழிற்சங்கங்கள், முதலாளிகள், சுற்றுலாத் துறை எல்லாரும் சேர்ந்த அமைப்பு. வேலை செய்யும் இடத்தின் மூலம் விடுமுறைப் பணத்தைத் தள்ளுபடியில் வாங்கிச் சேமிக்கலாம். ரயிலுக்கும் படகுக்கும் தங்கும் இடத்துக்கும் அதைக் கொடுக்கலாம். 1956-இல் லுகானோ ஏரிக்கு மேலே தன் முதல் விடுமுறைக் கிராமத்தை அமைத்தார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் பெயரளவுக் கட்டணத்தில் ஒரு வாரம் தங்க உதவியும் செய்கிறார்கள். ஓய்வும் ஒரு தேவைதான், அதற்கும் அரிசி பருப்பு மாதிரி மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டும் என்று யோசித்தவர்கள்.

ஆக, திட்டத்தாள் இப்படி வரும்:

சனி: வருகை, கடை, ஏரியில் கால் நனைத்தல்.
ஞாயிறு: படகில் ரூட்லி.
திங்கள்: எதுவும் இல்லை.
செவ்வாய்: கோல்டாவ் விலங்குப் பூங்கா.
புதன்: டெல் தேவாலயம்.
வியாழன்: ரிகி.
வெள்ளி: எதுவும் இல்லை.
சனி: புறப்பாடு.

எந்த நாள் மழையோ அந்த நாள் அருங்காட்சியகம். எந்த நாள் உச்சியில் வெயிலோ அந்த நாள் ரிகி. மற்றவை இடம் மாறிக்கொள்ளும். எந்த நாளும் வெயிலே வராவிட்டால் ரிகி இல்லை, அவ்வளவுதான். டிக்கெட் வாங்கவில்லை, நஷ்டமும் இல்லை.

உறவினர் யாராவது இந்தத் தாளைப் பார்த்தால் "அவ்வளவு தூரம் போய் இரண்டு நாள் சும்மாவா இருப்பீங்க?" என்று கேட்பார்கள். அப்போது வெட்கப்பட்டு அந்தக் கட்டங்களில் பிலாட்டஸையும் டிட்லிஸையும் எழுதிவிடாமல் இருப்பதுதான் இந்தத் திட்டத்திலேயே கஷ்டமான வேலை. கல் பொறுக்குவதற்கும், பொறுக்கிய கல்லைத் திரும்ப ஏரியில் எறிவதற்கும், அப்பா மரத்தடியில் தூங்குவதற்கும், அம்மா பாதியில் விட்ட புத்தகத்தை எடுப்பதற்கும் வேறு நாள் கிடையாது.